வெறுந்தட்டு திரும்பக்கூடாது

மாறுதல் கலந்தாய்வில் பண்ணைக்காட்டைத் தேர்ந்தெடுத்தபோது அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது மிகக் குறைவு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் செல்லும் மலைச்சாலையில் பிரிந்து போக வேண்டும், காப்பித் தோட்டங்கள் உண்டு, குளிரும். அவ்வளவுதான். சமவெளியில் பிறந்து வளர்ந்த நான் இரண்டு கம்பளிகளோடும் ஒரு குக்கரோடும் ஊர் வந்து சேர்ந்தேன்.

வந்த சில மாதங்களில் தீபாவளி. விடாத மழை. அன்று காலை எதிர்வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. அதிரசம், முறுக்கு, கொஞ்சம் சுழியம், மேலே வாழையிலை மூடியிருந்தது. அந்த வீட்டு மூதாட்டியைத் தெருவே அப்பத்தா என்றுதான் அழைக்கும். நான் பலகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தட்டைப் பளபளவென்று கழுவித் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அப்பத்தா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஏன் தாயி, தட்டை வெறுமனேயா குடுக்குறது? வீட்டுல ஒண்ணும் இல்லேன்னா ஒரு பிடி சீனியாவது போட்டுக் குடு.”

அதில் கண்டிப்பு இல்லை. தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் குரல்தான். நான் உள்ளே போய் ஒரு பிடி சீனி போட்டுக் கொண்டுவந்தேன். பி.எட். முடித்து இத்தனை ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு மலையில் கிடைத்த முதல் பாடம் அது. அந்தத் தட்டுக்குப் பின்னால் இருக்கும் முறையையும், நம் வகுப்பறைக்கு அது எப்படிப் பயன்படும் என்பதையும், அதைப் பயன்படுத்தப் போய் நான் செய்த ஒரு தவற்றையும் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தட்டு நடக்கும் முறை

எங்கள் தெருவில் ஆண்டு முழுவதும் தட்டுகள் நடந்துகொண்டே இருக்கும். தீபாவளிக்கு அதிரசமும் முறுக்கும். கிறிஸ்துமஸுக்குக் கலகலாவும் அச்சு முறுக்கும். பொங்கலுக்கு வெண்கலப் பானையிலிருந்து ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல். ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி, பெருநாளில் பிரியாணி. ஊர்த் திருவிழாவுக்கு வெளியூர் உறவினர் வந்து இறங்கினால் ஒரு வீட்டுப் பாத்திரம் போதாது. பக்கத்து வீட்டு அண்டாவும் அடுத்த வீட்டு ஜமுக்காளமும் கேட்காமலேயே வந்து சேரும். விருந்தாளி ஒரு வீட்டில் படுப்பார், இன்னொரு வீட்டில் காப்பி குடிப்பார்.

எழுதி வைக்காத விதிகள் இதற்கு உண்டு. வந்த தட்டு வெறுமையாகத் திரும்பக்கூடாது. ஆனால் வந்ததற்குச் சமமாகத் திருப்ப வேண்டும் என்பதும் இல்லை. ஒரு பிடி சீனி, ஒரு சீப்பு மலைவாழை, கொல்லையில் காய்த்த சௌசௌ இரண்டு, எதுவும் தகும். உடனே கணக்குத் தீர்ப்பது மரியாதையும் அல்ல. கொஞ்சம் பாக்கி இருக்க வேண்டும். அந்தப் பாக்கிதான் அடுத்த முறை கதவைத் தட்ட வைக்கிறது. அவசரத்துக்கு ஒரு கரண்டி உறைமோர் கேட்கும் உரிமையும் அதிலிருந்துதான் வருகிறது. ஆனால் விளக்கு வைத்த பிறகு உப்பும் மோரும் கொடுக்கமாட்டார்கள். இதுவும் ஒரு விதி.

குளிரிலும் மழையிலும், பேருந்து நின்றுபோனால் கீழே இறங்க வழியில்லாத ஊரில், இந்தப் பழக்கம் வெறும் சம்பிரதாயம் அன்று. அது ஒரு காப்புறுதி. யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வீட்டில் எரியவில்லை என்பதைத் தெரு அறிந்துகொள்ளும் வழி.

நான் செய்த தவறு

இந்தப் பழக்கம் எனக்குப் பிடித்துப்போயிற்று. மறு ஆண்டு தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், ஆறாம் வகுப்பில் ஓர் ஒப்படைவு கொடுத்தேன்: “உங்கள் வீட்டில் தீபாவளிக்குச் செய்த பலகாரங்களைப் பட்டியலிடுக. ஏதேனும் ஒன்றின் செய்முறையை எழுதுக.” வீட்டையும் பள்ளியையும் இணைக்கிறேன் என்ற மனநிறைவு எனக்கு.

ஒரு சிறுமியின் ஏடு மிக அழகாக இருந்தது. ஏழு பலகாரங்கள். அதிரசத்துக்குப் பாகு எடுக்கும் பக்குவம் வரை எழுதியிருந்தாள். சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதி, வகுப்பில் படிக்கவும் வைத்தேன். அவள் தலையைக் குனிந்தபடி படித்து முடித்தாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வார இறுதியில் அப்பத்தா ஒரு தூக்குவாளியைக் கையில் கொடுத்து, மேல்தெருவில் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். “அந்த வீட்டுல இந்த வருசம் எண்ணெய்ச் சட்டி வைக்கல தாயி. பெரியவ போயிட்டா. நாமதான் குடுக்கணும்.” இறப்பு நிகழ்ந்த வீட்டில் அந்த ஆண்டு பண்டிகை கொண்டாடுவதில்லை, பலகாரம் சுடுவதில்லை என்பது நம்மில் பலருக்கும் தெரிந்த வழக்கம். நான் போன வீடு அந்தச் சிறுமியின் வீடு.

திங்கட்கிழமை இடைவேளையில் அவளைத் தனியே அழைத்துக் கேட்டேன். “பாட்டி இருந்தப்ப செஞ்சது டீச்சர். போன வருசம் செஞ்சதைத்தான் எழுதினேன்” என்றாள். பிறகு, “பொய்யா டீச்சர்?” என்று கேட்டாள்.

பொய் அவளுடையது அன்று. என் கேள்வி அவளுக்கு வேறு வழி விடவில்லை. ‘செய்த பலகாரங்கள்’ என்று கேட்டதன் மூலம், எல்லா வீட்டிலும் தீபாவளி உண்டு, எல்லா வீட்டிலும் எண்ணெய் காய்ந்தது என்று நானே முடிவு செய்துவிட்டேன். அவள் வீட்டில் உண்மையில் நடந்தது என்ன? ஐந்தாறு வீடுகளிலிருந்து தட்டுகள் வந்திருக்கின்றன. அந்த ஆண்டு அவர்களிடம் யாரும் தட்டைத் திரும்ப எதிர்பார்க்கவில்லை. ஏழு பலகாரப் பட்டியலைவிட எவ்வளவு பெரிய செய்தி அது! என் கேள்வியில் அதற்கு இடம் இல்லை.

பிற ஏடுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். தீபாவளி கொண்டாடாத வீட்டுப் பிள்ளைகள் அடுத்தவர் பட்டியலைப் பார்த்து எழுதியிருந்தார்கள். தோட்ட வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைகள் சிலர், கடையில் வாங்கிய கால் கிலோ மிக்சரை எழுதக் கூச்சப்பட்டு ‘லட்டு, ஜாங்கிரி’ என்று எழுதியிருந்தார்கள். நான் திருத்தியது குழந்தைகளின் வாழ்க்கையை அன்று. எனக்குப் பிடிக்கும் என்று அவர்கள் நினைத்த ஒரு வாழ்க்கையை.

‘என்ன’ வேண்டாம், ‘எப்படி’ போதும்

அடுத்த முறை கேள்வியை மாற்றினேன். பண்டிகையை விட்டுவிட்டேன். “உங்கள் வீட்டில் அல்லது பக்கத்து வீட்டில் அடிக்கடி செய்யும் ஓர் உணவை எடுத்துக்கொள்ளுங்கள். அது சரியான பதத்துக்கு வந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கேட்டும் பார்த்தும் வாருங்கள்.”

‘என்ன சமைத்தீர்கள்’ என்ற கேள்வி வசதியை அளக்கிறது. ‘எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்’ என்ற கேள்வி அறிவை அளக்கிறது. கஞ்சி காய்ச்சும் வீட்டிலும் பதம் உண்டு. இம்முறை வந்த பதில்கள் வகுப்பை நான்கு வாரம் நடத்தப் போதுமானவையாக இருந்தன. அவற்றில் சிலவற்றைப் பாடத்தோடு சேர்த்துத் தருகிறேன்.

1. பருப்பும் காற்றழுத்தமும்

“கீழ ஊருப் பருப்புக் கணக்கு இங்க செல்லாது” என்று தன் அம்மா சொன்னதாக ஒரு மாணவன் எழுதியிருந்தான். சரியான கூற்று. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். தோராயமாக 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி செல்சியஸ் குறையும். கடற்கரையில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிக்கிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை அதற்கு மேல் ஏறாது. அதனால்தான் பருப்பு வேக நேரம் ஆகிறது. குக்கர் நீராவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டி இக்குறையைச் சரிசெய்கிறது. டெனிஸ் பாப்பின் 1679இல் இதன் முன்னோடிப் பாத்திரத்தைச் செய்து காட்டினார்.

செயல்பாடு: ஆய்வக வெப்பநிலைமானியைக் கொண்டு கொதிநீரின் வெப்பநிலையை ஆசிரியரே அளந்து காட்டலாம். எங்கள் பள்ளியில் 96 டிகிரியை ஒட்டிக் காட்டியது. 100இலிருந்து அதைக் கழித்து 300ஆல் பெருக்கச் சொன்னேன். “நம்ம ஊரு உயரம் 1,200 மீட்டரா டீச்சர்!” என்று வகுப்பே கூவியது. ஒரு பானை நீரைக் கொண்டு ஊரின் உயரத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சி அது. வெப்பநிலைமானியில் ஒரு டிகிரி பிழை என்றால் உயரத்தில் 300 மீட்டர் பிழை வரும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், அளவீட்டுப் பிழை என்ற கருத்தும் அங்கேயே விளங்கிவிடும். சமவெளிப் பள்ளிகளும் இதைச் செய்து மலைப்பள்ளியோடு ஒப்பிடலாம்.

2. இட்லி மாவும் குளிரும்

கீழே இரவு ஆட்டி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும் மாவு, மலையில் மார்கழி மாதத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இதற்கு வீடுகளில் எத்தனை வழிகள்! அடுப்பை அணைத்த பின் அதன் மேட்டில் வைப்பது, அரிசி மூட்டைக்குள் புதைப்பது, பழைய கம்பளியால் சுற்றுவது, பக்கத்து வீட்டில் புளித்த மாவு ஒரு கரண்டி வாங்கிக் கலப்பது.

காரணம் எளிது. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே இருக்கும் லாக்டிக் அமிலப் பாக்டீரியாக்கள், குறிப்பாக லூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்டிஸ், மாவில் பெருகி அமிலத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது, மாவு பொங்குகிறது. குளிரில் பாக்டீரியாக்கள் மெதுவாகவே பெருகும். கம்பளி மாவுக்குச் சூடு கொடுப்பதில்லை, இருக்கும் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. வெப்பக்கடத்தாப் பொருள் என்று நாம் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான்.

செயல்பாடு: மூன்று டம்ளர்களில் ஒரே மாவைச் சம அளவில் ஊற்றி, மாவு நிற்கும் மட்டத்தில் நூல் கட்ட வேண்டும். ஒன்று அடுப்பருகே, ஒன்று அரிசிக்குள், ஒன்று திண்ணையில். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து வரைபடம் போடச் செய்யலாம். ஒரு காரணியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைப்பதே சோதனை என்பதை இதைவிடத் தெளிவாக நான் நடத்தியதில்லை.

3. பாகுப் பதம்

அதிரசத்துக்கு வெல்லப்பாகு சரியாக வந்ததா என்று பார்க்க, ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரில் ஒரு சொட்டு விடுவார்கள். கரைந்தால் போதாது. கையில் உருட்ட மென்மையாகத் திரண்டு வந்தால் பதம். இதைக் ‘குத்துமதிப்பு’ என்று நாம் தள்ளிவிடுகிறோம். உண்மையில் இது நுட்பமான சோதனை. பாகு கொதிக்கக் கொதிக்க நீர் குறைந்து சர்க்கரையின் செறிவு கூடுகிறது. அந்தச் செறிவைத்தான் நீரில் விட்ட சொட்டு காட்டுகிறது. வெப்பநிலைமானியை நம்பினால், சமவெளிக்குச் சொன்ன எண் மலையில் பொருந்தாது. இங்கே கொதிநிலையே குறைவு. அப்பத்தாவின் தண்ணீர்க் கிண்ணமோ ராமேஸ்வரத்திலும் சரியாகச் சொல்லும், கொடைக்கானலிலும் சரியாகச் சொல்லும்.

4. ஆழாக்கும் அரைக்காலும்

மெட்ரிக் அளவைகளுக்கான சட்டம் 1956இல் வந்தது. ஆனால் அப்பத்தா வயதுடையவர்களின் சமையலறையில் படியும் உழக்கும் இன்னும் இருக்கின்றன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆகவே உரி என்பது அரைப்படி, உழக்கு காற்படி, ஆழாக்கு அரைக்கால் படி. பின்னம் என்றால் பயப்படும் பிள்ளைகளிடம் ‘எட்டில் ஒன்று’ என்று தொடங்காமல், ஆழாக்கையும் படியையும் கையில் கொடுத்து அரிசியை அளக்கச் சொல்லுங்கள். எட்டு முறை கொட்டியதும் படி நிறையும். பாதியின் பாதியின் பாதி எட்டில் ஒன்று என்பது அதன் பிறகு மனப்பாடம் செய்ய வேண்டிய ஒன்றாக இருக்காது. முறுக்குக்கு நான்கு பங்கு அரிசி மாவுக்கு ஒரு பங்கு உளுந்து மாவு என்பது விகிதத்துக்கு நல்ல தொடக்கம். இரண்டரைப் பங்கு அரிசி மாவுதான் இருக்கிறது, உளுந்து மாவு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள்.

ஊரின் விளைச்சல், ஊரின் பாடம்

திரும்பும் தட்டில் அதிகம் இருப்பது மலைவாழைதான். விருப்பாட்சி மலைவாழைக்கும் சிறுமலை மலைவாழைக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குச் சிறப்பானது இந்த விருப்பாட்சிப் பழம். பஞ்சாமிர்தமும் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் சேர்ந்த அந்தக் கலவையில் தண்ணீர் சேர்ப்பதில்லை. சர்க்கரையும் தேனும் இருக்கிற ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால் நுண்ணுயிரிகளுக்கு அது கிடைப்பதில்லை. குளிர்ப்பெட்டி இல்லாமலே பஞ்சாமிர்தம் கெடாமல் இருப்பதன் காரணம் இதுதான். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கும் பக்தர்களைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு, உணவுப் பதப்படுத்துதல் பாடத்தை இங்கிருந்து தொடங்கலாம்.

“முன்னாடி எங்க தோட்டம் பூரா வாழையாம். இப்ப ஏன் டீச்சர் இல்ல?” என்று ஒரு மாணவன் கேட்டான். உங்கள் தாத்தாவிடமே கேட்டு வா என்றேன். ‘முடிக்கொத்து’ என்ற ஒரு சொல்லோடு வந்தான். வாழை முடிக்கொத்து நோய் வைரஸால் வருவது. அசுவினிப் பூச்சி அதை மரத்துக்கு மரம் கடத்தும். இலைகள் குருத்திலேயே கொத்தாக நின்றுவிடும், குலை தள்ளாது. கீழ்ப்பழனி மலையின் வாழைத் தோட்டங்களை இது கடுமையாகத் தாக்கியது. தொலைவான இடங்களுக்கு இந்நோய் போவது நோயுள்ள கன்றுகள் வழியாக. அதாவது, பக்கத்து ஊர் உறவினர் அன்போடு கொடுத்த கன்று வழியாகவும்தான். பகிர்வு நல்லது, ஆனால் எதைப் பகிர்கிறோம் என்ற அறிவும் வேண்டும் என்பதை வகுப்பு அன்று கற்றுக்கொண்டது. நோயற்ற திசு வளர்ப்புக் கன்றுகள் ஏன் தேவை என்பதும் அதோடு விளங்கியது.

மற்றொரு நாள். பளியர் குடியிருப்பிலிருந்து வரும் ஒரு சிறுவன், அதுவரை எந்த ஒப்படைவும் தராதவன், காட்டு வள்ளிக்கிழங்கு தோண்டுவதைப் பற்றி மெல்லிய குரலில் சொன்னான். கொடி காய்ந்த பிறகுதான் தோண்ட வேண்டும். கிழங்கை முழுவதும் எடுத்துவிடக்கூடாது. தலைப்பகுதியைக் கொடியோடு மண்ணிலேயே விட்டு மூடிவிட வேண்டும். “அப்பத்தான் அடுத்த வருசமும் இருக்கும்.” உடல இனப்பெருக்கம் என்ற பாடத்தலைப்பைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழ் அவன் சொன்னதை அப்படியே எழுதினேன். சத்துணவுப் பாடப் படங்களில் கேரட்டும் ஆப்பிளும் இருக்கும், அவன் வீட்டுக் கிழங்கு இருக்காது. அதனாலேயே அதைச் சொல்லக் கூசி வந்திருக்கிறான். அன்று ஒன்றை அவன் அறிந்துகொண்டான். தன் வீட்டில் தெரிந்ததும் பாடம்தான் என்று.

தட்டு போகாத வீடு

இதுவரை எழுதியதைப் படித்தால் எங்கள் ஊர் ஒரே குடும்பம் என்று தோன்றும். அது முழு உண்மை அன்று. தட்டு எல்லா வீட்டுக்கும் போவதில்லை. எந்த வீட்டில் யார் கை நனைப்பார்கள், யார் கொடுத்ததை யார் வாங்குவார்கள் என்ற எல்லைக்கோடுகள் தமிழகத்தின் எந்த ஊரிலும் போல இங்கும் உண்டு. பெரியவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் குழந்தைகளுக்கு அந்தக் கோடு மிகத் துல்லியமாகத் தெரியும். உணவைப் பற்றி வகுப்பில் பேசும் ஆசிரியர் அதை அறிந்திருக்க வேண்டும். ‘எல்லோரும் வீட்டிலிருந்து ஓர் உணவு கொண்டுவாருங்கள், பகிர்ந்து உண்போம்’ என்று நல்ல எண்ணத்தில் சொல்லிவிட்டு, ஒரு குழந்தையின் டப்பா மட்டும் தொடப்படாமல் திரும்பினால் அந்தக் காயத்தை நாம்தான் உண்டாக்கியவர்கள் ஆவோம்.

இந்த இடத்தில் பள்ளியின் உணவு வரிசையை நினைத்துப் பார்க்கிறேன். 1920இல் சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில் நீதிக்கட்சிக் காலத்தில் தொடங்கிய மதிய உணவு, 1956இல் காமராசர் காலத்தில் மாநில அளவிலான திட்டமாயிற்று. 1982 ஜூலை 1 முதல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டமாக விரித்தார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, முதல் கட்டத்தில் 1,545 தொடக்கப் பள்ளிகளுக்கு வந்து, 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. பசியைப் போக்கும் திட்டங்களாகவே இவற்றைப் பேசுகிறோம். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. ஊரில் தட்டு போகாத இரண்டு வீட்டுக் குழந்தைகள், ஒரே பானைச் சாம்பாரை அருகருகே உட்கார்ந்து உண்கிறார்கள். சில ஊர்களில் சமைப்பவர் யார் என்று பார்த்து உணவை மறுத்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அப்படிப்பட்ட நேரத்தில் சுற்றறிக்கையைவிட வலிமையானது, ஆசிரியர் அந்த வரிசையில் தட்டோடு உட்காருவது. வாரத்தில் சில நாளாவது பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே உணவை உண்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். சமைக்கும் அக்காவிடம் “இன்றைக்குப் பொங்கல் பதம் அருமை” என்று பிள்ளைகள் கேட்கச் சொல்வதையும்.

கேட்கும் முன் சில எச்சரிக்கைகள்

வீட்டையும் சமையலையும் வகுப்புக்குக் கொண்டுவர விரும்பும் ஆசிரியர்களுக்கு, என் தவற்றிலிருந்து கற்றவை:

• ‘பண்டிகைக்கு என்ன செய்தீர்கள், எத்தனை செய்தீர்கள்’ என்று கேட்க வேண்டாம். ‘எப்படிச் செய்கிறார்கள், எப்படிப் பதம் பார்க்கிறார்கள்’ என்று கேளுங்கள்.

• ‘உங்கள் வீட்டில்’ என்பதோடு ‘அல்லது உங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில்’ என்றும் சேர்த்துவிடுங்கள். விடுதியில் தங்கிப் படிக்கும் குழந்தைக்கும், துக்க வீட்டுக் குழந்தைக்கும் அந்த ஐந்து சொற்கள் ஒரு கதவு.

• ‘அம்மாவிடம் கேட்டு வா’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். அம்மா இல்லாத குழந்தை இருக்கலாம். மேலும், தாத்தா, டீக்கடைக்காரர், திருவிழாச் சமையல்காரர் எனச் சமைக்கத் தெரிந்த ஆண்களிடமும் போகட்டும். மாணவர்களும் மாணவிகளும் ஒரே வேலையைச் செய்யட்டும்.

• வீட்டிலிருந்து பொருளோ பண்டமோ கொண்டுவரச் சொல்வதைத் தவிர்க்கலாம். செய்தி கொண்டுவருவதற்குச் செலவில்லை.

• உணவைக் கேலி செய்யும் முதல் சிரிப்பு எழும்போதே நிறுத்த வேண்டும். ‘நாங்கள் இதைச் சாப்பிடமாட்டோம்’ என்பதை ‘எங்கள் வீட்டில் வேறு வழக்கம்’ என்று சொல்லப் பழக்குங்கள்.

• நெருப்பு, கொதிநீர், எண்ணெய் தொடர்பான எதையும் குழந்தைகள் தனியே செய்யக்கூடாது. அங்கே பார்ப்பதும் குறிப்பெடுப்பதும் மட்டுமே அவர்கள் வேலை.

தட்டைத் திருப்பிக் கொடுத்தல்

கடைசியாக ஒன்று. குழந்தைகளிடமிருந்து இவ்வளவு வாங்கிக்கொண்ட பிறகு, பள்ளி என்ன திருப்பிக் கொடுக்கிறது? நாம் ஒப்படைவைத் திருத்தி, மதிப்பெண் இட்டு, அலமாரியில் அடுக்கிவிடுகிறோம். அது தட்டைக் கழுவித் துடைத்து வெறுமையாகக் கொடுப்பது போன்றதுதான்.

எங்கள் வகுப்பில் இப்போது ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து வந்த ஒவ்வொரு செய்திக்கும் வகுப்பு ஒரு பதில் எழுதும். பருப்பு வேகாததற்கு இதுதான் காரணம், கம்பளி இப்படித்தான் வேலை செய்கிறது, நீங்கள் சொன்ன நோய்க்குப் பெயர் இது என்று அரைப்பக்கம். குழந்தை அதை வீட்டில் வாசித்துக் காட்டும். படிக்கத் தெரியாத பெற்றோர் உள்ள வீடுகளில் அந்த வாசிப்பு எவ்வளவு நேரம் நடக்கிறது என்பதைப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எப்போதும் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு தாய், பாகுப் பதம் பற்றிய பதிலைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் சொன்னதையா டீச்சர் எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார். அதன் பிறகு அவர் ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை.

அந்தச் சிறுமிக்கும் நான் ஒரு கடன்பட்டிருந்தேன். ஓராண்டு துக்கம் கழிந்து அவள் வீட்டில் மீண்டும் எண்ணெய்ச் சட்டி வைத்தார்கள். பாட்டியின் அதிரசத்தை அவள் அம்மா முதல் முறையாகத் தனியே சுட்டிருக்கிறார். பாகு கொஞ்சம் முறுகிவிட்டது, கடிக்கக் கெட்டியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுக்கு அந்தத் தட்டைக் கொண்டுவந்தவள் அவள். தட்டை வாங்கி, வாழைப்பழம் நான்கு வைத்து, அவளுடைய பழைய ஏட்டையும் மேலே வைத்துக் கொடுத்தேன். ‘மிக நன்று’ என்பதற்குக் கீழே இன்னொரு வரி சேர்த்திருந்தேன்: ‘இது பொய் இல்லை. இது உன் பாட்டியின் செய்முறை. பத்திரமாக வைத்துக்கொள்.’